மஸ்கட் மதினி

அண்ணாச்சி வாயைத் திறந்தால் வீட்டுப் பேச்சுதான். கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று யாராவது முகம் சுளித்தால், “எங்க வீட்ல உப்புன்னாலே ஆகாது, பிரஷர் வந்துரும்னு என்னையும் சாப்பிட விடாது” என்பார். வானம் கருத்தால், “எங்க வீட்டுக்கு மழைன்னா உசிரு. பாவம், அங்கன எங்க மழை பெய்யுது” என்பார். அங்கன என்றால் மஸ்கட். அவருடைய மனைவி மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களில் ஒருவரும் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன, அவருக்குத் தூக்கத்தில் குறட்டை வரும் என்பதும், முன்நெற்றியில் முடி கொட்டுகிறதே என்று கவலைப்படுவார் என்பதும், கார் ஓட்டினால் வாயில் கெட்ட வார்த்தையாக வரும் என்பதும் மில்லில் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சியின் மனைவி ஆகையால் எங்களுக்கு மதினி. மஸ்கட் மதினி.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில் இருந்தது அந்த மில். நூலைச் சோதித்துப் பார்க்கிற லேபில் அவர் இன்சார்ஜ், நான் அவருக்கு அசிஸ்டெண்ட். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள். இஸ்திரி போடாத சட்டையில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம் என்பார். தென்காசிப் பக்கம் எந்த ஊர், என்ன தெரு, யார் மகன் என்று எங்கள் ஊர் வழக்கப்படி யாராவது தோண்ட ஆரம்பித்தால் பேச்சு எப்படியோ மஸ்கட்டுக்குப் போய்விடும். கேட்டவர் மதினியின் வாயு உபத்திரவத்துக்கு என்ன கஷாயம் நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.

பெண்களுக்கு அவரைப் பிடிக்கும். ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கிற மாரியம்மாக்கா, கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொல்லும்: “ஏட்டி, புருசன்னா இவியள மாதிரி இருக்கணும். எங்க வீட்டு ஆளுக்கு எம் பேரே மறந்துபோச்சு. இவிய கடல் தாண்டி இருக்குற பொண்டாட்டிக்கு வெளக்கெண்ணெய் வாங்கிக் குடுத்து விடுதாவ.” வருஷத்துக்கு ஒரு தடவை மதினி லீவில் வருவார். அண்ணாச்சியும் லீவு போட்டுவிட்டுப் போவார். குற்றாலத்திலோ கொடைக்கானலிலோ இருந்துவிட்டு, திரும்பும்போது எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொண்டுவருவார். “இந்தத் தடவையும் எங்க கண்ணுல காட்டாம அனுப்பிட்டீயளே” என்று மாரியம்மாக்கா சண்டைக்குப் போகும். “எங்க வீட்ல ரொம்பக் கூச்சம்க்கா” என்பார் அவர்.

இப்போது என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. எனக்கு நாட்டம் ஆண்கள் மேல்தான் என்று பத்தாவது படிக்கும்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த நாளிலிருந்து பயம். நடக்கும்போது கை எப்படி வீசுகிறது என்று பயம். சிரிப்பு நீண்டுவிட்டால் பயம். டீக்கடையில் ஒருவனை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்துவிட்டால், பார்த்ததை எவன் பார்த்தான் என்று பயம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். புதூரில் இருக்கிற மாமாதான், அம்மாவின் அண்ணன், எங்களைத் தாங்கினார். என்னைப் படிக்கவைத்தவர் அவர். அவர் மகளை எனக்குத்தான் என்று அவள் பிறந்த அன்றே பேசிவிட்டார்களாம். முறைப்பெண். நல்ல பெண், தூத்துக்குடியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடிகிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்காமல் போனது. மறுத்தால் மாமாவுக்குச் செய்கிற துரோகம். சம்மதித்தால் அவளுக்குச் செய்கிற துரோகம். காரணத்தை வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கக்கூட முடியாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் நான் தினமும் லேபில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் அவர் இரண்டு கையிலும் நூலைப் பிடித்துக்கொண்டு மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தார். மேஜைமேல் அவருடைய போன் அடித்தது. “மேனேஜரா இருக்கும், ஸ்பீக்கர்ல போடுங்க தம்பி” என்றார். நான் திரையைப் பார்க்காமலே அமுக்கினேன்.

“ஏலே, மாத்திர போட்டியா இல்லியா? நான் கேட்டாத்தான் போடுவியா?”

ஆம்பளைக் குரல். நல்ல கட்டைக் குரல். அதில் இருந்த உரிமையை என்னவென்று சொல்ல! மாரியம்மாக்கா தன் புருஷனைத் திட்டுகிற உரிமை அது. அண்ணாச்சி கையிலிருந்த நூலை அப்படியே போட்டுவிட்டு வந்து போனைப் பிடுங்கி, “பெறகு பேசுதேன்” என்று வைத்தார். திரையில் ‘வீடு’ என்று இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். காது ரெண்டும் சிவந்திருந்தன.

“எங்க வீட்ல தொண்ட கட்டியிருக்கு” என்றார்.

“சரி அண்ணாச்சி” என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. அவர் திரும்பிப் போய் நூலை மாட்டினார். இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்னொருவர் இருக்கிறார், அதுவும் எதிர் நாற்காலியில் இருக்கிறார் என்று தெரிந்தால் ஆறுதலாகத்தானே இருக்க வேண்டும்? எனக்குப் பயம்தான் கூடியது. இவர் என்றைக்காவது மாட்டினால், அந்த ரூமில் கூட உட்கார்ந்திருந்தவன் யார் என்று ஊர் திரும்பிப் பார்க்குமே என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன்.

அவர் மாறவே இல்லை. மறுநாளும் கேன்டீனில் எங்க வீட்ல, எங்க வீட்ல என்றுதான் ஓடியது. சொல்லப்போனால், லேபில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது மதினியைப் பற்றி இன்னும் மெதுவாக, இன்னும் கூடுதலாகப் பேச ஆரம்பித்தார். “மொத மொத பாத்தது திருநெல்வேலி ஜங்ஷன்ல தம்பி. ரயிலு லேட்டு. எம் பக்கத்துல உக்காந்து, எங்கிட்ட கேக்காமலே என் பேப்பர எடுத்துப் படிச்சுட்டு இருந்துச்சு. எனக்கு எல்லாத்துக்கும் பயம். அதுக்குத் துளி பயம் கெடையாது.” நான் தலையைத் தூக்காமல் கேட்பேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஆனாலும் கேட்பேன். ஒரு ஆணும் இன்னொரு ஆணும் சேர்ந்து வாழ்ந்தால் அதில் மாத்திரை போட்டியா என்கிற சண்டையெல்லாம் இருக்கும் என்று எனக்கு வேறு யார் சொன்னார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் கெட்ட ஜோக்குகள்தான்.

ஆணும் ஆணும் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று கோர்ட்டில் தீர்ப்பு வந்த நாளில் கேன்டீன் டிவியில் அந்தச் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்கு ஒரு கிண்டல். ஃபிட்டர் ஒருத்தர், “இனிமே நம்ம பயலுக்குப் பொண்ணு பாக்குறதா, மாப்ள பாக்குறதான்னு கேட்டுட்டுத்தாம்லே பாக்கணும்” என்றார். கேன்டீன் அதிர்ந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், குழைந்து கஞ்சியாகிவிட்டது. அப்போது அண்ணாச்சி நிதானமாக, “எங்க வீட்ல இதக் கேட்டா சந்தோசப்படும்” என்றார்.

“மதினி படிச்சவியல்லா, அவிய எண்ணம் அப்படித்தான் இருக்கும்” என்றது மாரியம்மாக்கா. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இந்த ஆளுக்குப் பைத்தியமா, நெருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊர் நடுவில் உட்கார்ந்து விளையாடுகிறாரே என்று எனக்கு அன்றைக்கெல்லாம் கோபம். இன்றைக்கு யோசித்தால், நான் மறைப்பதற்காகப் பேசாமல் இருந்தேன், அவர் மறைப்பதற்காகப் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சில் அந்த மனுஷர் தினமும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் லீவு எடுத்துவிட்டு வேலைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. லேபில் ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் கேன்டீனில் மாரியம்மாக்கா வழக்கம்போல, “மதினி சௌரியமா இருக்காவளா?” என்று கேட்டது. அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டார்.

“எங்க வீட்ல போயிருச்சுக்கா” என்றார். “நெஞ்சு வலின்னு வேல பாத்த எடத்துலயே சுருண்டு விழுந்துருச்சாம்.”

அவர் செய்த தப்பு இதுதான். வேறு எது சொன்னாலும் சமாளித்திருக்கலாம். சண்டை போட்டுப் பிரிந்துவிட்டோம் என்றிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் மதினியை மஸ்கட்டிலேயே நூறு வயசு வாழவைத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒரு சாவைச் சொல்லிவிட்டால் அது அப்புறம் சொன்னவர் கையில் இல்லை. தீராத பகை இருந்தாலும் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகாமல் இருக்க மாட்டார்கள். அன்று கேன்டீனிலேயே பெண்கள் அழுதுவிட்டார்கள். அடக்கம் எங்கே, எப்போது என்று கேட்டார்கள். பாடியை அவங்க வீட்டு ஆட்கள் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் எடுத்துவிட்டார்கள் என்றார். நீங்க போகலியா என்றார்கள். போனேன் என்றார். அதற்குமேல் அவரைக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மில் பஸ்ஸில் எல்லோரும் அண்ணாச்சி வீட்டுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது.

லேபுக்குள் வந்ததும் அவர் என் கையைப் பிடித்தார். “தம்பி, யாரும் வர வேண்டாம்னு சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாவ.”

போய்ச் சொன்னேன். மாரியம்மாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தது. “வர வேண்டாமா? இது என்ன கல்யாண வீடா, பத்திரிக்க வச்சாத்தான் வருவோம்ங்கதுக்கு? ஆளு இல்லாத மனுசன், நாம போய் அழலேன்னா யாரு போய் அழுவா?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வயிற்றுப்போக்கு. நிஜமாகவே. போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து போனேன். பஸ்ஸில் கடைசி சீட். முன்னால் பெண்கள் மடியில் வாழையிலைப் பொட்டலத்தில் ரோஜாமாலை. அந்த வீட்டுக்குள் ஒரு பொம்பளை வாழ்ந்ததற்கு ஒரு அடையாளமும் இருக்காது, ஒரு பொட்டு ஸ்டிக்கர்கூட இருக்காது. இது எனக்குத் தெரியும். பஸ்ஸில் வேறு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பஸ் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். பந்தல் இல்லை, சொந்தக்காரர் இல்லை, நாலு பிளாஸ்டிக் சேர் மட்டும். அண்ணாச்சி வாசலில் நின்றார். ஆண்கள் வரிசையாகப் போய் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டினார்கள். துஷ்டி கேட்கிற முறை அது. அவர் ஒவ்வொரு கையாகத் தொட்டார். ஃபிட்டரின் கையைத் தொட்டபோது அவர் உதடு கோணியது. என் கையைத் தொட்டபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண்கள் உள்ளே வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பூவோடும் பொட்டோடும் போன மகராசி, கட்டின புருஷனைத் தனியாக விட்டுவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் கண் மூடினாயே தாயி என்று மாரியம்மாக்கா ராகம் போட்டு இழுத்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்தக் கட்டைக் குரல்காரருக்கா இந்தப் பூவும் பொட்டும்? ஆனால் அண்ணாச்சி சிரிக்கிற நிலைமையில் இல்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பிறகு அழுதாரே, அப்படி ஒரு ஆம்பளை அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. வாய்விட்டு, மூக்கொழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நாகர்கோவிலில் செத்தவர் வீட்டுத் தெருமுனையில் நின்றபோது அழ முடியாததை எல்லாம் சேர்த்து அழுகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் மாலையை எடுத்தார்கள். “படம் எங்கய்யா? மாலையப் போடணும்லா” என்றது மாரியம்மாக்கா.

“படம் இல்லக்கா.”

“ஒத்தப் படம் கூடவா இல்ல?” நம்பாமல் எழுந்து உள் ரூமுக்குப் போனது. அந்தக்கா எந்த வீட்டிலும் அப்படித்தான், கேட்டுக்கொண்டு நிற்காது. திரும்பி வரும்போது கையில் ஒரு பிரேம் போட்ட படம் இருந்தது. கடற்கரையில் இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் அண்ணாச்சி. இன்னொருவர் தாட்டியான ஆள், பெரிய மீசை, முன்நெற்றியில் முடி கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுல மதினியக் காணலியே. இது யாரு, மதினி கூடப் பிறந்தவியளா?” என்று கேட்டது.

வழி திறந்துவிட்டது. ஆமா என்று ஒரு வார்த்தை போதும். சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி, ஆமா என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவருக்காக மட்டுமா கத்தினேன்? எனக்காகவும்தான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார்.

“இல்லக்கா. அந்தப் படத்துக்கே மாலையப் போடுங்க.”

“என்ன பேசுதீய? உசிரோட இருக்குறவிய படத்துக்கு யாராச்சும் மாலை போடுவாவளா? நீங்களும்லா இதுல இருக்கீய!”

“அதுல ஒருத்தர் உசிரோட இல்லக்கா” என்றார் அவர். “அவருதான் எங்க வீடு. இத்தன நாளும் நான் சொன்னது அவரத்தான்.”

ஒருவருக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக விளங்க ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. ஃபிட்டர் ஒரு அடி பின்னால் போனார். வட்டத்தில் இருந்த ஒரு பெண் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இனி எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது என்றே நம்பினேன்.

மாரியம்மாக்கா மட்டும் ஒரு கையில் படமும் ஒரு கையில் மாலையுமாக நின்றது. பிறகு சுவரில் இருந்த ஆணியில் படத்தை மாட்டியது. மாலையை இரண்டாக மடித்து, அந்த மீசைக்காரர் நின்ற பக்கத்து மூலையில் மட்டும் தொங்கவிட்டது. ஒரு பூச்சரம் அண்ணாச்சியின் முகத்துப் பக்கம் சாய்ந்தது. அதை எடுத்து, அவர் மேல் படாமல் ஒதுக்கி, பிரேமுக்குப் பின்னால் சொருகியது. நல்லாச் சொருகியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தது. அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

துஷ்டி வீட்டில் யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் போனார்கள். அதில் முறைக்காகச் சொல்லாமல் போனவர் யார், அருவருத்துப் போனவர் யார் என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸிலும் யாரும் பேசவில்லை.

பேச்செல்லாம் மறுநாள் ஆரம்பித்தது. அண்ணாச்சி தொட்ட டம்ளரைத் தனியாக வைத்தார்கள். ஃபிட்டருக்கு, துஷ்டி கேட்ட கையை எத்தனை தடவை கழுவினேன் என்பதே கதையாகிவிட்டது. “செத்தவியள வச்சு என்னட்டி சிரிப்பு, வேலயப் பாருங்க” என்று மாரியம்மாக்கா ஒரு அதட்டுப் போட்டதாகக் கேள்வி. ஆனால் அதுவும் லேப் பக்கம் வரவில்லை. ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மேனேஜ்மெண்ட் நேரடியாக ஒன்றும் சொல்லாமல், அவராக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி செய்துவிட்டது.

அவர் ஊரைவிட்டுப் போன அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தின் மறு கோடியில் நின்று, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவரிடம் நடந்தேன். ஒரு சூட்கேஸ், ஒரு பை. சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

“ஏன் அண்ணாச்சி சொன்னீங்க? மதினி நல்லாருக்காவன்னே சொல்லியிருக்கலாமே” என்று கேட்டுவிட்டேன்.

“அழணும் போல இருந்துச்சு தம்பி. தனியா இருந்து அழுதா, என்னத்துக்கு அழுதன்னு கேப்பாவ. என்னன்னு சொல்ல? அங்க அவிய வீட்டுத் தெருவுல போய் நின்னேன். உள்ள போக எனக்குக் கால் வரல. யாரு நீங்கன்னு கேட்டுட்டா?” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “நான் பொய் சொல்லல தம்பி. ஒண்ணே ஒண்ணத்தான் மாத்திச் சொன்னேன். மத்ததெல்லாம் நடந்தது.”

“இப்ப பயம் போயிருச்சா அண்ணாச்சி?”

“எங்க? இந்தா பாருங்க” என்று கையை நீட்டிக் காட்டினார். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. ரயில் வருவதாக அறிவிப்பு வந்தது. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டே, “மாமா மகளப் பேசி முடிச்சிட்டாவளாமே. அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?” என்றார்.

என்னைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பதிலுக்கு நிற்கவில்லை, ஏறிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு, அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, மாமா புதூரிலிருந்து அனுப்பிய மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மில் கதை அவள் காதுக்கும் வந்திருந்தது. “அந்த ஆளு கூடவாலே ஒரே ரூம்புல இருந்த? மாமா காதுக்குப் போனா ஒன்னப் பத்தி என்ன நெனைப்பாவ?”

“நெனைக்கிறது சரிதாம்மா” என்றேன்.

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். எனக்குப் பெண்கள் மேல் நாட்டம் வராது, என்றைக்கும் வராது, நானும் அவரை மாதிரிதான் என்றேன். அம்மா எழுந்து போய், பட்டப்பகலில் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“யார்ட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. சாமி சத்தியமாச் சொல்லாத.” மறுபடி உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். வத்தல் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டு எரிச்சல் தாங்காமல் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. டாக்டரைப் பார்ப்போமா என்றாள். இது சீக்கு இல்லம்மா என்றேன். ரொம்ப நேரம் கழித்து அவளாகவே குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். “மாமாட்ட இப்படிச் சொல்லுவோம். மெட்ராஸ்ல ஒரு பொண்ண விரும்புதான்னு சொல்லுவோம். கூடப் படிச்சவ. நர்ஸு கிர்ஸுன்னு எதாச்சும் சொல்லுவோம். வேற சாதி ஆளுக, அதான் கூட்டிட்டு வர முடியலன்னு சொல்லிட்டா, கொஞ்ச நாள் திட்டுவாவ, அப்புறம் விட்டுருவாவ...”

அம்மா என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கோ அதுவரை இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு பயம் வந்தது. அந்த மெட்ராஸ்காரிக்கு நான் பேர் வைக்க வேண்டும், குறட்டை வைக்க வேண்டும், தீபாவளிக்குத் தீபாவளி அவள் சுகம் சொல்ல வேண்டும். என்றைக்காவது எனக்கென்று ஒருத்தன் வந்தால் அவனை அவளுக்குள் ஒளித்துவைக்க வேண்டும். போனை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு மாமாவுக்கு அடித்தேன்.

“சொல்லுங்க மாப்ள” என்றார் மாமா. எப்போதும்போலச் சந்தோஷமான குரல். பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டது.

சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, பாதியில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் முழுசாகச் சொன்னேன். இப்படித்தான் பிறந்திருக்கிறேன் மாமா, இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, உங்கள் மகளைக் கட்டி அவள் வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன் என்றேன். குறை இல்லை என்பதை அப்போதுதான் முதல் தடவையாக வெளியே சொல்லிக் கேட்டேன். எனக்கே அது புதிதாக இருந்தது.

அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் மட்டும்தான். வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

“ஒங்க அம்ம பக்கத்துல இருக்காளா?” என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது. மாப்ள என்ற வார்த்தை அதில் இல்லை.

“இருக்காவ.”

“அவட்ட குடு.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அண்ணன் பேச்சுக்கு அவள் எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. மாமா என்னமோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. அம்மா சிவந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெட்ராஸ்காரியைச் சொல்லப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆமாண்ணே” என்றாள் அம்மா. “எம் புள்ள சொன்னது நெசந்தான்.”